பின் டிரம்ம தூக்கிட்டு டிஸ்க் போடலாமா? வாசகர் கேள்வி, பட்டறை பதில்

போன இதழ்ல செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்குறவங்களுக்காக ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், இஞ்சின் சத்தத்த கேட்டு மயங்காதீங்க, பின்னாடி டிரம்ம கழட்டி பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்கன்னு. அவ்வளவுதான். அதுக்கு வந்த கேள்விங்கள பாத்தா ஊர்ல பாதி பேருக்கு பின் பிரேக் மேல கோவம் இருக்கு போல. நிறைய பேர் கேட்டது ஒரே விஷயம், இந்த டிரம்ம தூக்கி கடாசிட்டு டிஸ்க் போட்டா என்னன்னு. புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரி, டிரம்னா வீலோட சுத்துற இரும்பு கிண்ணம், ஷூ உள்ள இருந்து வெளிய தள்ளி அத புடிக்கும்; டிஸ்க்னா வீலோட சுத்துற தட்டு, பேடு ரெண்டு பக்கமும் நெருக்கி அத புடிக்கும். அதனால இந்த தடவ முழுசா பின் பிரேக்தான், கிளட்ச் கேள்வி கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

மேட்டுப்பாளையத்துல இருந்து ஒரு வாசகர்: 2009 மாடல் பிக்கப் வச்சிருக்கேன். ஊட்டியில கேரட், பீட்ரூட் ஏத்திட்டு குன்னூர் வழியா மண்டிக்கு இறங்குவேன். பர்லியார் வர்றதுக்குள்ள பெடல் கீழ கீழ போகுது, பின்னாடி கருகுன வாடை வருது. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். ஒரு பட்டறைல பின்னாடியும் டிஸ்க் போட்டுட்டா பிரச்சன தீந்துரும்ங்கறாங்க. போடலாமா?

வேண்டாம். காரணத்த கேளுங்க.

குன்னூர் இருக்குறது கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,850 மீட்டர்ல, மேட்டுப்பாளையம் முன்னூத்தி சொச்சம். அப்போ நீங்க 1,500 மீட்டர் இறங்குறீங்க. வண்டியும் லோடும் சேந்து 2,700 கிலோன்னு வைங்க, அவ்வளவு வெயிட்ட அவ்வளவு உயரத்துல இருந்து இறக்குனா வெளிய வர்ற சக்திய கணக்கு போட்டா நம்ம வீட்டு கரண்ட் மீட்டர்ல 11 யூனிட் வருது. 2 கிலோவாட் ஹீட்டர அஞ்சரை மணி நேரம் ஓட விட்டா எவ்வளவு சூடு வருமோ அத நீங்க ஒரு மணி நேரத்துல மலைய விட்டு இறங்குறப்பவே எங்கயாவது தள்ளியாகணும். அது போறதுக்கு மூணே எடம்தான் இருக்கு, எதிர்காத்து, இஞ்சின், பிரேக். மலைல மெதுவா போறதால காத்து பெருசா உதவாது. கியர நீங்க மேல வச்சிருந்தா இஞ்சினும் உதவாது. மிச்சம் எல்லாம் பிரேக் தலைல. டிஸ்க் போட்டாலும் அதே 11 யூனிட்தான், சூடு எங்கயும் மாயமாகாது. இன்னொண்ணு, வெளில விக்குற சில கிட்டுல வர்ற பின் டிஸ்க்க கைல தூக்கி பாருங்க, உங்க பழைய டிரம்ம விட லேசா இருக்கும், இரும்பு கம்மின்னா சூட்ட வாங்கி வச்சுக்குற தெம்பும் கம்மி.

அதுக்காக டிரம்முக்கு குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். டிரம் சூடானா விரியும். 280 எம்எம் டிரம் 200 டிகிரி கூடுதலா சூடானா விட்டம் அரை எம்எம்முக்கு மேல பெருசாகும், ஷூ உள்ள இருந்து வெளிய தள்ளுற சங்கதி, அதனால டிரம் விலகி போக போக ஷூ துரத்திட்டு போகணும், அந்த தூரம்தான் உங்க பெடல் கீழ போற தூரம். டிஸ்க்ல இது தலைகீழ், டிஸ்க் சூடாகி தடிக்கும்போது பேடு பக்கமா வருது. அதனால டிஸ்க்காரங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா உங்க வண்டில பெடல் கீழ போறதுக்கு முதல் காரணம் அதுவா இருக்காதுங்கறது என் சந்தேகம், ஏன்னா சரியா செட் பண்ண டிரம் இந்த அரை எம்எம்ம சமாளிச்சுரும், ஏற்கனவே ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல தேவையில்லாத இடைவெளி இருக்குற வண்டிலதான் இது கால கீழ இழுத்துட்டு போய் விட்டுரும்.

வீட்டு வாசல்ல ஒரு டெஸ்ட் பண்ணுங்க. வண்டி குளுந்து இருக்கறப்ப பெடல ஒரு தடவ மிதிங்க, எவ்வளவு போகுதுன்னு பாருங்க, உடனே விட்டுட்டு மறுபடி டக்குனு மிதிங்க. ரெண்டாவது மிதில பெடல் மேல ஏறி கெட்டியா நின்னா ஷூ இடைவெளி ஜாஸ்தி, ஷூ தேய தேய இடைவெளிய சரி பண்ற அட்ஜஸ்டர் வேலை செய்யல. மிதிச்சு அப்படியே கால வச்சிருக்கறப்ப மெல்ல மெல்ல கீழ எறங்குனா, வெளிய எங்கயும் ஆயில் ஒழுகலன்னா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள, அதான் பெடல மிதிச்சா பிரேக் ஆயில லைனுக்கு தள்ளுற சிலிண்டருக்குள்ள, ரப்பர் போச்சு. பஞ்சு மாதிரி அமுங்குனா லைன்ல ஏர். இஞ்சின ஆஃப் பண்ணி நாலஞ்சு தடவ மிதிச்சுட்டு, மிதிச்ச காலோட ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ எறங்கணும், எறங்கலைன்னா நம்ம மிதிக்கு பலம் சேக்குற பூஸ்டருக்கு வேக்குவம் வரல, டீசல் வண்டில அதுக்கு தனி பம்பு இருக்கும், ஹோஸ் வெடிச்சிருந்தாலும் பாத்துக்கோங்க. இதுல எதுக்குமே டிஸ்க் மருந்து கெடையாது.

கருகுன வாடைக்கு வருவோம், பின்னாடி எவ்வளவு சூடு ஏறுதுன்னு அது சொல்லுது. பிரேக் ஆயில் எப்போ மாத்துனீங்கன்னு நீங்க எழுதல, எழுதாததுலயே பதில் இருக்கு. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த குடிக்கும். புது டாட் 3 ஆயில் கொதிக்கறதுக்கு குறைஞ்சது 205 டிகிரி வேணும், ஈரம் குடிச்ச பிறகு அது 140க்கு வந்துரும். டாட் 4 புதுசுல 230, ஈரமானா 155. மலைல பின் வீல் சிலிண்டர், அதான் டிரம்முக்குள்ள ஷூவ தள்ளுற சிலிண்டர் பக்கத்துல இந்த சூடு வர்றது ஒண்ணும் அதிசயம் இல்ல, ஆயில் கொதிச்சா குமிழி, குமிழின்னா காத்து, காத்த அமுக்குனா பெடல் தரைக்கு போகும், ஆறுன பிறகு ஒண்ணுமே நடக்காத மாதிரி சரியாயிரும். நிறைய டிரைவருங்க "கீழ வந்ததும் சரியாயிருச்சுண்ணே"ன்னு சொல்றது இதத்தான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ முழுசா மாத்துங்க, நீங்க டாட் 4 போடுங்க. டாட் 5ன்னு எழுதுன டப்பாவ யாராவது குடுத்தா வாங்காதீங்க, அது சிலிக்கான், உங்க வண்டி ஆயிலோட சேராது.

டிரம்ம கழட்டறப்ப ஓரத்துல அச்சடிச்ச அதிகபட்ச விட்டம் என்னன்னு பாருங்க. 295 டிரம்முன்னா 297 வரைக்கும்ங்கற மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல லேத்துல குடுத்து குடுத்து கடைஞ்சு அந்த அளவ எப்பவோ தாண்டின டிரம்ம நான் எத்தனையோ பாத்துட்டேன், பாக்க கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், ஆனா மெலிஞ்சு போச்சு, சூட்ட தாங்காது, ஷூவோட வளைவும் டிரம்மோட வளைவும் ஒத்து போகாது, நடுவுல மட்டும்தான் புடிக்கும். அளவு தாண்டியிருந்தா யோசிக்காம ரெண்டு பக்கமும் புது டிரம். அதுதான் உங்களுக்கு நான் சொல்ற அப்கிரேடு, புது டிரம், நல்ல ஷூ, புது வீல் சிலிண்டர் கிட், புது ஸ்பிரிங், புது ஆயில். ஸ்பிரிங்க விட்டுராதீங்க, சூட்டுல தளர்ந்த ஸ்பிரிங் ஷூவ முழுசா திரும்ப இழுக்காது, சமவெளில ஓடறப்பவே உரசி உரசி அந்த வாடைய கிளப்பும்.

அப்புறம் கியர். ஏறுறப்ப எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்கன்னு பழைய டிரைவருங்க சொல்லுவாங்க. நியூட்ரல்ல உருட்டுறீங்களான்னு நான் கேக்க போறதில்ல, டீசல் வெல தெரிஞ்சவன் தான் நானும்.

நாமக்கல் வாசகர்: பின் வீல் சிலிண்டர ஒரு சைஸ் பெருசா போட்டா பிரேக் நல்லா புடிக்கும்னு ஃபிட்டர் சொல்றாரு. நிஜமா?

நிஜம்தான், அதுலதான் வில்லங்கமே. 20.6 எம்எம் சிலிண்டருக்கு பதிலா 22.2 போட்டா பாக்க ஒண்ணரை எம்எம்தான் வித்தியாசம், ஆனா பரப்பளவு 16 சதவீதம் கூடும், 23.8 போட்டா 33 சதவீதம். அதே மிதிக்கு ஷூவ தள்ளுற பலமும் அவ்வளவு கூடும். லோடோட இருக்கறப்ப சந்தோஷமா இருக்கும். காலியா திரும்பி வர்றப்ப மழை தூறிட்டு இருக்கும்போது மிதிச்சு பாருங்க, பின் வீல் ஜாம் ஆகி வண்டி வாலு முன்னாடி வர பாக்கும். இன்னொண்ணு, சிலிண்டர் பெருசானா ஆயிலும் அதே கணக்குக்கு அதிகம் வேணும், மாஸ்டர் சிலிண்டர் அதே பழசுதான், பெடல் இன்னும் கீழ போகும். கம்பெனி அதே மாடல்ல கனமான வேரியன்ட்டுக்கு குடுத்த சைஸா இருந்தா, அதோட லோடுக்கு ஏத்த மாதிரி பின் பிரஷர கூட்டி குறைக்குற லோடு வால்வும் சேத்து மாத்துறதா இருந்தா பேசலாம். சிலிண்டர மட்டும் மாத்துற வேலை வேணாம்.

கிளிநொச்சியில இருந்து ஒரு வாசகர்: என்னட்ட 1993ஆம் ஆண்டு ஹைலக்ஸ் ஒண்டு நிக்குது. தோட்டத்து சாமான் ஏத்த எண்டு பின்னுக்கு ரெண்டு ஸ்பிரிங் பிளேட் கூடுதலா போட்டனான். அதுக்குப் பிறகு முன் பாட் கெதியா தேயுது, பின் பிரேக் பிடிக்குதோ எண்டே தெரியேல்லை. ஹேண்ட் பிரேக்கும் நிக்குதில்லை. பின்னுக்கு டிஸ்க் மாத்தினா சரிவருமோ?

உங்க கேள்வி வந்தப்ப எனக்கு கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா இதுல வியாதி எங்க இருக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க, கவனிக்கல அவ்வளவுதான். "அதுக்குப் பிறகு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ரெண்டு பிளேட்தான்.

வண்டிக்கு கீழ படுத்து பாத்தா பின் ஆக்ஸில் ஹவுசிங்ல இருந்து ஒரு கம்பி கிளம்பி மேல சேசிஸ்ல இருக்குற ஒரு வால்வுக்கு போகும். லோடு வால்வு, புத்தகத்துல எல்எஸ்பிவின்னு போட்டிருக்கும். பிரேக் புடிச்சா வண்டி வெயிட் முன்னாடி சாயும், காலி பிக்கப்ல பின் வீலு தரைய சும்மா தொட்டுட்டுதான் இருக்கும், அப்போ பின்னாடி முழு பிரஷர் போனா வீல் ஜாம். லோடு ஏத்துனா கதையே வேற, பின்னாடி நல்ல புடி இருக்கும், அங்க பிரஷர் போயே ஆகணும். இது ரெண்டையும் பாத்து முடிவு பண்றது அந்த கம்பி. லோடு ஏறுனா பாடி எறங்கும், பாடிக்கும் ஆக்ஸிலுக்கும் இடைவெளி குறையும், கம்பி வால்வ திறக்கும். நீங்க ரெண்டு பிளேட் போட்டு பின்னாடிய தூக்கிட்டீங்க. இப்போ வால்வு கண்ணுக்கு உங்க வண்டி எப்பவுமே காலி வண்டி. ஒரு டன் வெங்காயம் ஏத்துனாலும் அது நம்பாது. பின்னாடி பிரஷர் விடாது, பாரம் எல்லாம் முன் டிஸ்க் மேல, பேடு தேயாம என்ன பண்ணும்.

இந்த நெலமைல நீங்க பின்னாடி டிஸ்க் போட்டா என்ன ஆகும்னு நெனச்சு பாருங்க. டிரம்முக்கு ஒரு குணம் உண்டு, சுத்துற டிரம்மே முன் பக்க ஷூவ தன்னோட இழுத்து இன்னும் அழுத்திக்கும், அதனால கம்மி பிரஷர்லயே நல்லா புடிக்கும். டிஸ்க்குக்கு அந்த இழுவை கெடையாது, அதுக்கு ஜாஸ்தி பிரஷர் வேணும். ஏற்கனவே பிரஷர் வராத லைன்ல டிஸ்க்க மாட்டுனா இப்போ புடிக்குற கொஞ்சமும் புடிக்காது. காசு போட்டு பிரேக்க குறைச்ச மாதிரி ஆயிரும்.

செய்ய வேண்டியது, அந்த கம்பியோட ஆக்ஸில் பக்கத்து பிராக்கெட்ட வண்டி எவ்வளவு தூக்குச்சோ அவ்வளவு உயத்தி கட்டணும், வண்டிய உசத்துற கிட்டுல இதுக்குன்னே ஒரு துண்டு வரும். கம்பில நீளம் மாத்துற நட்டும் இருக்கும். சரியா பண்ணணும்னா முன்னாடியும் பின்னாடியும் பிரஷர் கேஜ் மாட்டி புத்தகத்துல இருக்குற அளவுக்கு கொண்டு வரணும், கேஜ் வச்சிருக்குற பட்டறையா தேடுங்க. ஏர் எடுக்கறப்ப அந்த வால்வுலயும் ஒரு நிப்பிள் இருக்கும், அதயும் எடுக்கணும், பாதி பேர் மறந்துருவாங்க.

வால்வ கழட்டி எறிஞ்சுட்டு பைப்ப நேரா யூனியன், அதான் ரெண்டு பைப்ப இணைக்குற துண்டு, போட்டு சேத்துருவோம்னு யாராவது சொல்லுவாங்க. சொல்லுவாங்க என்ன, நானே செஞ்சிருக்கேன். பட்டறை வச்ச புதுசுல ஒருத்தர் பிக்கப்ல வால்வு ஒழுகுச்சு, புது வால்வு கெடைக்கல, அவசரம்னாரு, யூனியன் போட்டு குடுத்தேன். லோடோட போய் சேந்துட்டாரு, பிரேக் சூப்பர்னு போன் வேற. திரும்பி வர்றப்ப காலி வண்டி, லேசான தூறல், திண்டுக்கல் தாண்டி சிறுமலை பிரிவு கிட்ட நாய் குறுக்க வர மிதிச்சிருக்காரு, வண்டி அரை வட்டம் அடிச்சு வந்த தெசைய பாத்து நின்னுருச்சு. பின்னாடி அப்போ பஸ் எதுவும் வரல. அந்த யூனியன நான் கழட்டி எடுத்து இன்னும் டிராயர்ல போட்டு வச்சிருக்கேன்.

ஹேண்ட் பிரேக்குக்கு வேற காரணம். அந்த காலத்து ஹைலக்ஸ்ல ஷூ மாட்டியிருக்குற பேக் பிளேட்டுக்கு பின்னாடி கேபிள் வந்து சேர்ற எடத்துல பெல் கிராங்க்னு ஒரு சின்ன துண்டு இருக்கும், சேறும் தண்ணியும் பட்டு துருப்புடிச்சு இறுகிரும். இதுல வேடிக்கை என்னன்னா அந்த வண்டில ஷூ அட்ஜஸ்டர் தானா ஏறுறதே ஹேண்ட் பிரேக் இழுக்கறப்பதான். பெல் கிராங்க் இறுகுனா ஹேண்ட் பிரேக்கும் போச்சு, ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டும் போச்சு, பெடலும் கீழ போச்சு. கழட்டி துரு எடுத்து கிரீஸ் போட்டு கைல அசைச்சா லேசா ஆடணும். அப்புறம் அட்ஜஸ்டர்ல இருக்குற ஸ்டார் வீல திருப்பி ஷூ உரசற சத்தம் லேசா கேக்குற அளவுக்கு கொண்டு வந்துட்டு, தினமும் நிறுத்துறப்ப ஹேண்ட் பிரேக் இழுக்கற பழக்கத்த வச்சுக்கோங்க. மட்டமான எடம்தானேன்னு கியர்ல போட்டுட்டு எறங்குறவங்க வண்டிலதான் இந்த நோவு அதிகம்.

தேனியில இருந்து ஒரு வாசகி: பால் வண்டி எங்களோடது, வீட்டுக்காரர் ஓட்டுறாரு, எஃப்சி (வண்டி தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் நான்தான் பாக்குறேன். பின்னாடி டிஸ்க் மாத்துனா எஃப்சில ஏதும் சொல்லுவாங்களா?

நீங்க கேட்டது நல்லதும்மா, ஓட்டுறவர் கேக்க மாட்டாரு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு என்ன சொல்லுதுன்னா கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து வண்டி மாறிப்போற மாதிரி எதையும் மாத்த கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இத அழுத்தி சொல்லிருச்சு. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ எஃப்சி, அதுக்கு மேல வருஷா வருஷம், ஒவ்வொரு தடவையும் பிரேக் பாக்காம விட மாட்டாங்க. அன்னிக்கு தப்பிச்சாலும் எனக்கு பயம் இன்சூரன்ஸ்தான். விபத்துன்னு ஒண்ணு ஆகி சர்வேயர் வந்து கீழ குனிஞ்சு பாத்து, கம்பெனில இல்லாத காலிப்பர், அதான் டிஸ்க்க புடிக்குற பேடு இருக்குற கவ்வி, தொங்குனா, கிளைம நிறுத்த அவங்களுக்கு அது ஒண்ணு போதும். அதே வண்டிக்கு அதே கம்பெனி போட்ட டிரம், ஷூ, சிலிண்டர புதுசா மாத்துறதுக்கு யாரும் கேள்வி கேக்க முடியாது. பில்ல பத்திரமா வைங்க.

அமெரிக்கா, டெக்ஸஸ்ல இருந்து ஒரு வாசகர்: ஆசைக்காக 1993 செவி சி1500 பிக்கப் வாங்கியிருக்கேன். ஓட்டறது வாரக்கடைசில மட்டும், லோடு பெருசா இல்ல. பின்னாடி 10 இன்ச் டிரம். ஆன்லைன்ல டிஸ்க் கிட் நிறைய கெடைக்குது. நானே கழட்டி மாட்டுற ஆர்வம் இருக்கு. என்னென்ன கவனிக்கணும்?

உங்களுக்கு வேண்டாம்னு சொல்ல மனசு வரல தம்பி, பொழப்புக்கு ஓட்டுறவங்க வேற, சனிக்கிழமை காலைல கைல கிரீஸ் பட்டா தான் தூக்கம் வரும்ங்கறவங்க வேற. ஆனா மாட்டுறதுக்கு முன்னாடி நாலு விஷயம் தெரிஞ்சுக்கோங்க.

முதல்ல உங்க வண்டில பின் வீலுக்கு மட்டும் ஒரு ஏபிஎஸ் இருக்கு, அதான் பிரேக் புடிக்கறப்ப வீல் ஜாம் ஆகாம பாத்துக்குற அமைப்பு. 1988ல இருந்தே செவி பிராண்டோட கம்பெனி ஜிஎம் அத பிக்கப்ல போட ஆரம்பிச்சுட்டாங்க, ஃபோர்டு எஃப்-150ல 1987லயே வந்துருச்சு. நாலு வீலுக்கும் போடாம பின்னாடி மட்டும் ஏன் போட்டாங்கன்னு யோசிங்க. காலி பிக்கப்ல முதல்ல ஜாம் ஆகுறது பின் வீலுன்னு அவங்களுக்கு தெரியும். அது அந்த டிரம்முக்குன்னு அளவு பாத்து செஞ்சது, நீங்க பிரேக்க மாத்துனா அது பழைய கணக்குலயே வேலை செஞ்சுட்டு இருக்கும், அதனால காலி பார்க்கிங் லாட்ல ஈரத்துல நாலு தடவ மிதிச்சு பாக்காம ரோட்டுக்கு எடுக்காதீங்க.

ரெண்டாவது மாஸ்டர் சிலிண்டர். காலிப்பர் பிஸ்டன் வீல் சிலிண்டர விட ரொம்ப பெருசு, அத நகத்த ஆயில் நிறைய வேணும். பழைய மாஸ்டரே இருந்தா பெடல் நீளமா போகும், அத ஏர்னு நெனச்சு ரெண்டு நாள் ஏர் எடுத்துட்டு இருப்பீங்க. அதோட பழைய டிரம் வண்டிங்கள்ல பின் லைன்ல சுமார் 10 பிஎஸ்ஐ எப்பவும் நிக்குற மாதிரி ஒரு குட்டி வால்வு வைப்பாங்க, டிஸ்க் போட்டு அத எடுக்காம விட்டா பேடு டிஸ்க்க விடவே விடாது, எப்பவும் உரசல்தான். உங்க வண்டில இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

மூணாவதுதான் எல்லாரும் வழுக்கி விழுற எடம், ஹேண்ட் பிரேக். சில மலிவு கிட்டுல அது இருக்கவே இருக்காது. சிலதுல எழுபதுகள்ல வந்த கேடிலாக் எல்டொராடோ காலிப்பர் வரும், அதுல ஹேண்ட் பிரேக் உள்ளேயே இருக்கு, ஆனா ஹேண்ட் பிரேக்க இழுத்து இழுத்துதான் அது தன்ன அட்ஜஸ்ட் பண்ணிக்கும், இழுக்காம விட்டா பெடல் மறுபடி கீழ போகும். வாங்குறதா இருந்தா டிஸ்க்கோட தொப்பிக்குள்ள சின்ன டிரம் ஒண்ணு ஹேண்ட் பிரேக்குக்காக தனியா இருக்குற மாடல் வாங்குங்க. ஆமா, டிரம்ம தூக்கிட்டு டிஸ்க் போட்டு அதுக்குள்ள மறுபடி ஒரு டிரம். எனக்கும் சிரிப்புதான் வருது.

நாலாவதா ஒரு மாத்து வழி சொல்றேன். உங்க வண்டியோட அண்ணன் தம்பிங்க, அதே காலத்து கனமான செவி பிக்கப்புங்கள்ல 11.15 இன்ச் டிரம் வந்துச்சு, ஷூ அகலமும் 2.25 இன்ச்சுக்கு பதிலா 2.75. பழைய வண்டி உடைக்கிற யார்டுல பேக் பிளேட், டிரம், ஷூ எல்லாம் மொத்த செட்டா எடுத்து, ஆக்ஸிலுக்கு ஒத்து வருதான்னு அளந்து பாத்து மாட்டுனா கிட்ட விட கம்மி காசு, ஹேண்ட் பிரேக் தலைவலியும் இல்ல. டிரம்னா பழைய காலத்து ஆளுன்னு கேலி பண்ற நண்பர்கள் கிட்ட சொல்லுங்க, 1999ல சில்வராடோல நாலு வீலுக்கும் டிஸ்க் குடுத்த அதே ஜிஎம் 2005ல 1500 மாடல்ல பின்னாடி மறுபடி டிரம்முக்கு திரும்புச்சு, டொயோட்டா டகோமால 2023 மாடல் வரைக்கும் பின்னாடி டிரம்தான், ஃபோக்ஸ்வேகன் ஐடி.4 எலெக்ட்ரிக் கார்லயே பின்னாடி டிரம் இருக்கு.

மாட்டறப்ப ஒண்ணு. ஒரு பக்கம் முழுசா முடிச்சுட்டு அடுத்த பக்கம் கழட்டுங்க, எந்த ஸ்பிரிங் எங்கன்னு மறந்தா பாக்குறதுக்கு பக்கத்துல ஒண்ணு அப்படியே இருக்கும். அட்ஜஸ்டர் இடதுக்கு ஒரு மரை, வலதுக்கு ஒரு மரை, மாத்தி போட்டா அது இறுக்குறதுக்கு பதிலா தளத்திட்டே போகும்.

பொள்ளாச்சி வாசகர்: பழைய ஷூலயே லைனிங் மாத்தி ரிவிட் அடிச்சு தர்றாங்க, புது ஷூ வெலைல பாதிதான் ஆகுது. போடலாமா?

ஷூவோட இரும்பு வளையாம, ரிவிட் ஓட்டை பெருசாகாம இருந்தா போடலாம், ஆனா யாரு அடிக்கிறாங்கங்கறத பொறுத்தது. லைனிங்கு, அதான் டிரம்ல உரசுற பட்டை, ஷூல நடுவுல எங்கயும் காத்து தெரியாம ஒட்டி உக்காரணும், ரிவிட் தலை லைனிங் மட்டத்துக்கு நல்லா கீழ இருக்கணும். லைனிங் வாங்குறப்ப பேரு தெரிஞ்ச கம்பெனியா வாங்குங்க, சென்னை பாடி, அம்பத்தூர் பக்கமே பெரிய பெரிய கம்பெனிங்க இதுக்குன்னே இருக்கறப்ப அட்டப்பெட்டில பேரே இல்லாத சரக்கு எதுக்கு. ஒண்ணு கண்டிப்பா கேட்டுக்கோங்க, டிரம்ம கழட்டுனதும் ஏர் அடிச்சு தூசிய ஊத விடாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்துச்சு, இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது. ஈரத்துணி, இல்லன்னா பிரேக் கிளீனர். என் கூட வேலை கத்துக்கிட்ட நாங்க எல்லாரும் அத வாயால ஊதி வளந்தவங்கதான், இப்போ பட்டறைல பசங்கள ஊத விடறதில்ல.

ஒட்டன்சத்திரம் வாசகர்: மூணு மாசத்துல ரெண்டு தடவ ஷூ மாத்திட்டேன், இடது பின் வீல்ல மட்டும் ஷூல எண்ணெய் ஊறி போகுது. பிரேக் ஆயில் அளவு குறையல. டிஸ்க் போட்டா எண்ணெய் ஊறாதுல்ல?

டிஸ்க்கும் ஊறும். பிரேக் ஆயில் குறையலன்னா அது ஹவுசிங் ஆயில், ஆக்ஸில் சீல் வழியா வருது, மோந்து பாருங்க கியர் ஆயில் வாடை தனியா தெரியும். சீல ஏற்கனவே மாத்திட்டு மறுபடி வருதுன்னா ஹவுசிங் மேல இருக்குற பிரீதர, அதான் உள்ள இருக்குற காத்து வெளிய போற சின்ன ஓட்டைய பாருங்க, சேறு அடைச்சிருக்கும். சூடானதும் உள்ள இருக்குற காத்து வெளிய போக வழியில்லாம ஆயில சீல் வழியா தள்ளும். அந்த பிரீதர ஒரு கம்பி விட்டு குத்தி விடறதுக்கு அஞ்சு நிமிஷம். அத பண்ணிட்டு, சீல் உக்காருற எடத்துல ஆக்ஸில்ல நகத்த வச்சு பாருங்க, பள்ளம் விழுந்திருந்தா எந்த சீலும் நிக்காது. பேரிங் ஆட்டம் இருக்கான்னும் பாத்துக்கோங்க. ஊறுன ஷூவ பெட்ரோல்ல கழுவி மறுபடி போடாதீங்க, ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டா வண்டி இழுக்கும். மூணாவது ஷூ வாங்குறதுக்கு முன்னாடி அந்த கம்பிய எடுங்க.